இருபத்துமூன்றாம் எண்ணின் குழாய்

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிடுச்சுன்னு ஒத்துக்கிட்டு வாயேன். அதுக்குப் போய் யாரு உன் தலையை வாங்கப் போறாங்க?" என்றான் கணவன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் ரொட்டியில் வெண்ணெய் பூசிக்கொண்டே.

"தலையை வாங்க மாட்டாங்க, வேலையை வாங்கிடுவாங்க," என்றாள் மனைவி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினோரு மணிக்கு டைரக்டர் முன்னாடி நிக்கணும். என் புரோகிராமை நம்பலாமா, குப்பையில போடலாமான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. மூணு வருஷ உழைப்புங்க."

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் குழாய் மேடம். ரத்தக்குழாய் ஆராய்ச்சி என்று யாரிடமோ சொல்லப்போக, மறுவாரமே இரண்டாம் மாடிக்காரி சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வந்து நின்றாள். உண்மையில் அவள் வேலை, நோயாளியின் இதயக் குழாயை ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கணினிக்குள் அப்படியே கட்டி எழுப்புவது. கொழுப்பு எங்கே படியும், ஒரு வருடத்தில் எவ்வளவு அடைக்கும் என்று கணினி சொல்லும். வருடம் முடிந்ததும் அதே ஆளுக்கு மறுபடி ஸ்கேன். சொன்னது பலித்ததா என்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் கையில் பட்டை கட்டி ஓர் எண் போடுவார்கள். இவளுக்கு வருவது அந்த எண் மட்டும்தான், பெயர் வராது.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்குப் பலித்தது. இருபத்துமூன்றாம் எண் மட்டும் அவளைப் பாடாய்ப்படுத்தியது.

"போன வருஷமே பாதி அடைப்பு. இப்ப முக்கால்வாசிக்கு மேல இருக்கணும். புதுப் படத்துல என்னடான்னா, கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

வெண்ணெய்க் கத்தி ஒரு கணம் நின்றது.

"மாத்திரை சாப்பிட்டிருப்பான்."

"எந்த மாத்திரையும் இப்படிக் கழுவாதுங்க."

"அப்ப உன் புரோகிராம்தான் தப்பு. விட்டுத் தள்ளு."

"நீங்க முதல்ல அந்த வெண்ணெயை விடுங்க."

"போன மாசம் கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்ல பாஸானவன் நான். என்கிட்ட வந்து வெண்ணெய்க் கதை பேசாதே," என்று சீருடைப் பொத்தானை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பதினெட்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறான்.

லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. சமீபமாக அவனுக்கொரு பழக்கம். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அகப்பட்டவரையெல்லாம் நலம் விசாரிப்பான். ஆள் கிடைக்காவிட்டால் பூட்டிய கதவையாவது விசாரித்துவிட்டுத்தான் அடுத்த படி. வயசாக ஆக ஊர்வம்பு ஒட்டிக்கொள்கிறது என்று குடியிருப்பே சிரித்தது.

அவன் இறங்கிய சூட்டோடு தம்பி வந்தான். நீச்சல் குளத்தில் பயிற்சியாளன். அண்ணனின் முகத்தை அப்படியே எடுத்து, தொப்பையை மட்டும் கழித்துவிட்ட உருவம். காலைக் காபிக்கு அண்ணி வீடுதான்.

"என்ன அண்ணி, கப்பல் கவுந்துடுச்சா?"

"கவுந்துக்கிட்டே இருக்கு. இந்த இருபத்துமூணு என் உயிரை எடுக்குது," என்று மொத்தக் கதையையும் சொன்னாள். "கணக்கு சீக்கிரம் முடியணும்னு, கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு முன்னாடியே சின்னக் கிளைக் குழாயையெல்லாம் நாங்க வெட்டிடுவோம். வெறும் தண்டை மட்டும்தான் பார்ப்போம். வெட்டினதுலதான் கோளாறோ என்னவோ. இன்னிக்கு வெட்டாத படத்தையே திறந்து பார்த்துடறேன்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முகத்தைத் திரைக்குள் நுழைத்துவிடுவாள் போலிருந்தது.

"இது என்ன கூத்து. பழைய படத்துல முதல் கிளை மேலேயே பிரியுது. புதுசுல எங்கேயோ கீழ கிடக்கு."

"ஒரு வருஷத்துல நகர்ந்திருக்கும் அண்ணி."

"கயித்தை அவுத்துக்கிட்டு நகர்றதுக்கு அது என்ன மாடா? அடைப்பு கூடும், குறையும். கிளை பிறந்தப்ப எங்கே இருந்துச்சோ அங்கேயேதான் இருக்கும்." சட்டென்று நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். ஒரு மாதமாக வராத சிரிப்பு. "இது ரெண்டும் ரெண்டு ஆளுடா. ஆஸ்பத்திரியில எவனோ படத்தை மாத்தி அனுப்பிட்டான். என் புரோகிராம் மேல தப்பே இல்ல."

தம்பி சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் பழைய ஆளுக்கு?"

"கம்ப்யூட்டர் சொன்னதுதான். இந்நேரம் முக்கால்வாசிக்கு மேல அடைச்சிருக்கும். நாலு படி ஏறினாலே நெஞ்சைப் பிடிக்கும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

படிக்கட்டில் கணவனின் குரல் கேட்டது. முதல் திருப்பத்தில் யாரையோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பாட்டுப் பையை விட்டுட்டுப் போயிட்டார் உங்க அண்ணன். பதினெட்டு வருஷத்துல ஒருநாளும் மறந்ததில்ல. அதை எடுக்க வர்ற வழியிலயும் வம்பு," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தம்பி காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அண்ணி, அண்ணனை அங்கேயே உட்காரச் சொல்லுங்க, மேல ஏற வேணாம்," என்றான். "வேலை போயிடும்னு அழுதான்னு, போன மாசம் அவன் பேரைச் சொல்லிக்கிட்டு நான்தான் கம்பெனி டெஸ்ட் ஸ்கேனுக்குப் போனேன், என் கையில கட்டின பட்டையில இருபத்துமூணுன்னு போட்டிருந்துச்சு."