கூடத்தில் மாட்டிய முகம்

"தர்மம் குடுத்தவங்க யாராவது எழுதின சீட்டு இருந்தாத்தான் உள்ள விடுவேன்," என்றான் பாஸ்டன் நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றின் காவலாளி கார்மக்.

பனியில் வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டு படிக்கட்டில் கிடந்த வழுக்கைத் தலைக் கிழவர் அலறினார்.

"எவன்கிட்டடா நான் சீட்டு வாங்கறது? இதைக் கட்டினதே நான்தான்! ஏப்நர் டில்ஸ்டன்! ரயில் கம்பெனிகளுக்கே மூலதனம் திரட்டிக் குடுக்கற பேங்க் முதலாளி!"

"இந்த வாரம் நீர் மூணாவது டில்ஸ்டன்," என்ற கார்மக், கூடத்துச் சுவரில் தொங்கிய ஓவியத்தைக் காட்டினான். "அதோ பாரும், எங்க ஐயாவை. சுருட்டை முடி, கூர் மூக்கு, மலை மாதிரி தோள்! பொய் சொல்ல உமக்கு வாய் கூசலை?"

"என் வீட்டுக்காரியைக் கூப்பிடு! அவ சொல்லுவா!"

ஆளனுப்பினார்கள். திருமதி டில்ஸ்டன் சாரட்டில் வந்து இறங்கினாள். கீழே கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு ஓவியத்தைப் பார்த்தாள். ஓவியத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஓவியருக்கு எழுபது டாலர் கூடுதலாக் குடுத்தீங்களே, இதுக்குத்தானா?" என்றாள் கிழவரிடம்.

கார்மக் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினான். "அம்மா, மன்னிக்கணும்! ஐயாவை வீட்டுக்கே கொண்டுவந்து விடட்டுமா?"

"வேண்டாம். இவரை நீயே வெச்சுக்கோ," என்றாள், ஓவியத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரை என் வண்டியில ஏத்து."