சிவப்புப் பொத்தான்

அருங்காட்சியகக் கூடத்தில் டைனோசர் உறுமிக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தியது அப்பாதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகள் அவரோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள்; இன்றுதான் முதல் சனிக்கிழமை. சிரிப்பாள் என்று நினைத்துத்தான் அழுத்தினார். அவளோ வீறிட்டு ஓடிப்போய், காவலுக்கு நிற்கும் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அவர் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துகிறார். "நடுவுல நிக்காது சார். முழுசாக் கத்தி முடிச்சாத்தான் அடங்கும்" என்கிறாள் காவல்காரி. ரப்பர் வால் தரையை அறைகிறது. டைனோசரின் கண்ணுக்குள் இருக்கும் பச்சை பல்பின் வெளிச்சம் அவருடைய புதுச்சட்டையின் கசங்காத மடிப்பில் விட்டுவிட்டு விழுகிறது. ஓட்டத்தில் கழன்று விழுந்த குட்டிச் செருப்பை எடுத்து, "அப்பா இருக்கேன்டா செல்லம், வா" என்று நீட்டுகிறார். அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சட்டென்று எல்லாம் அடங்குகிறது. நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. மகள் அசையவில்லை. காவல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குனிந்து, "பாப்பா, இவர் யாரு?" என்று கேட்கிறாள். மகள் மெல்ல முகத்தைத் திருப்பி அவரைப் பார்க்கிறாள். அவள் சொல்லப்போகும் பதிலுக்காக அவரும் காத்திருக்கிறார்.