முஸ்தாக் ஹாஜியாரின் எயார்போட்

செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸுலைஹா எயார்போட்டுக்குள் கால் வைத்தாள்.

உள்ளே இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். முஸ்தாக் ஹாஜியார் மட்டும் சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது பள்ளிவாசல் இல்ல. எயார்போட்டுல ஆரும் செருப்புக் கழட்டிப்போட்டு வரமாட்டாங்க."

"நிலம் இப்பதான் தொடச்சிருக்கு ஹாஜியார். ஈரத்தில மிதிச்சா அடையாளம் விழும்" என்றபடி அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

எயார்போட் என்றால், கல்முனையில் ஹாஜியாரின் பயண முகவர் கடைக்கு மேல்மாடி. ஒரு மேசை, அதுதான் பெட்டி நிறுக்கிற கவுண்டர். கதவு நிலை ஸ்கேனர். நாலு வரிசைக் கதிரை விமானம். மக்காவுக்கு உம்ராப் பயணம் போகிறவர்களை வைத்து இப்படி ஒரு ஒத்திகை பார்க்காமல் ஹாஜியார் எந்தக் குழுவையும் ஏற்றியதில்லை.

ஸுலைஹாவின் படிவம் அவர் கையில் இருந்தது. ஊர் வரிப்பத்தான்சேனை. வயது நாற்பத்தொன்பது. இப்போது செய்யும் தொழில் கமம், நெல் வயல். துணைக்கு வருகிறவர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. ஹாஜியார் அந்த இடத்தைப் பேனையால் வட்டமிட்டார்.

காரணம் உண்டு. போன பயணத்தில், விமானம் மாறுகிற இடத்தில் அவருடைய குழுவில் ஒரு உம்மா காணாமல் போனார். மூன்று மணித்தியாலம் தேடினார்கள். விமானம் காத்துக்கொண்டு நிற்குமா என்ன? இன்னொரு தரம் அப்படி ஆனால், கல்முனையில் அவரை நம்பி ஒரு ஈ கூடப் பாஸ்போட் கொடுக்காது.

ஆட்களை எடைபோட அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

"உங்கட கையில ஒரு எயார்போட்டக் கட்டக் குடுத்தா எப்பிடிக் கட்டுவீங்க? ஒவ்வொராளாச் சொல்லுங்க பாப்பம்."

சாய்ந்தமருது பர்ஸான் மாஸ்டர் முந்திக்கொண்டார். "நம்மட கடற்கரையிலதான் கட்டோணும். கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வேன்ல குலுங்கிப் போய்ச்சேர முதலே பாதி உசிரு போயிருது."

"ஓம், பிளேன் வராத நேரம் ஓடுபாதையில கருவாடும் காயப்போடலாம்" என்றார் ஹாஜியார்.

மருதமுனை ஸைனுலாப்தீன் காக்கா எழும்பினார். "வழியனுப்ப வாற சனத்துக்குப் பெரிய கண்ணாடி ஒண்டு வேணும். பிளேன்ட கதவு மூடுறமட்டும் எங்கட ஆக்கள் பாத்துக்கிட்டு நிக்கோணும்."

"ஒராள் போறதுக்கு ரெண்டு வேன் சனம் வருது காக்கா. உங்கட குடும்பத்துக்கு மட்டும் ஒரு மைல் நீளக் கண்ணாடி போடோணும்."

சிரிப்பு அடங்க, ஹாஜியார் பின்வரிசைக்குத் திரும்பினார். "சரி, வரிப்பத்தான்சேனை எயார்போட் எப்பிடி?"

ஸுலைஹா யோசிக்கவே இல்லை. "நிலம் வெள்ளையா இருக்கப்படா. தொழ முதல் கை கால் கழுவி வுளூச் செய்யிற பைப்பு முழங்காலுக்குக் கீழ இருக்கோணும். மேல வெச்சா எல்லாரும் காலத் தூக்கி, கை கழுவுற பேசினுக்குள்ள வெப்பாங்க. தண்ணி வழிஞ்சி நடக்கிற பாதைக்கு ஓடும். அவடத்த ஒரு வடிச்சல் வேணும்."

"மறுகா?"

"தண்ணிப் போத்தல் பறிக்கிற இடத்திலயும் ஒரு வடிச்சல். முழுப் போத்தலா எறிஞ்சா குப்பப் பையிட அடி கிழிஞ்சிரும். டொய்லட் கதவில ஒரு கொழுக்கி. இல்லாட்டி கைப்பைய எங்கயாவது வெச்சிட்டுப் போயிருவாங்க."

"பாத்தீங்களா? எயார்போட்டையும் வயலெண்டு நெனச்சிட்டா. தண்ணி வடியிற வழிதான் தங்கச்சிட கண்ணுக்குத் தெரியிது."

மாடி அதிரச் சிரித்தார்கள். ஸுலைஹாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் இறங்கியதும், ஹாஜியார் அவளை மேசைக்குக் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார். "கோவிக்கப்படா. இந்தப் பயணம் உங்களுக்கு வேணாம். அடுத்த குழுவில உங்கட தம்பியையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

அவள் முகம் வாடிவிட்டது. "அடுத்த குழு விதைப்புக்க வருது ஹாஜியார். தம்பியும் வரமாட்டான், எனக்கும் வரேலா. பயணம் போறனெண்டு ஊர் முழுக்க வூடு வூடா ஏறி மன்னிப்புக் கேட்டு முடிச்சிட்டன். இனி அந்தச் சனத்துட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

"விளங்குது. ஆனா அங்க நீங்க தொலஞ்சி போனா ஆரு தேடுற?"

"போன தரம் தொலஞ்ச உம்மாவ ஆரு தேடின?"

"நான்தான். கடை கடையா, வாசல் வாசலா ஓடினன்." ஹாஜியார் பெயர்ப் பட்டியலை எடுத்தார். ஸுலைஹாவின் பெயரை வெட்டப் பேனையைத் திறந்தார்.

"பொம்புளயள் தொழுற அறைக்க ஆரையும் அனுப்பிப் பாக்கல்லியா? வழி தவறின பொம்புளயள் கடைசியா அங்கதான் வருவாங்க. மூலையில குந்திக்கிட்டு அழுதிருப்பாவே."

பேனை அந்தரத்தில் நின்றது. அந்த உம்மா அங்கேதான் இருந்தார். தனக்கு அது தோன்றவில்லையே என்ற வெட்கத்தில், ஹாஜியார் இன்றுவரை அதை ஊரில் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இத உங்களுக்கு ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. குவைத் எயார்போட்டுல பதினொரு வருசம் நான் கிளீனரா இருந்தன் ஹாஜியார்."