ராவ் பகதூரின் வாரிசு

இன்னோவாவில் வந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆளுயர மாலை ஒன்றைச் சமாதிக்குப் போட்டார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

சென்னகிருஷ்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற பிள்ளைகூட இப்படி உருகமாட்டானே, யார் இந்த ஆள்?

சமாதி, சென்னகிருஷ்ணனின் கொள்ளுத் தாத்தா ராவ் பகதூர் கோவிந்தராஜுலுவுடையது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபை உறுப்பினர். காங்கேயம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டம் வைத்திருந்தவர். அந்தப் பெயரைச் சொல்லித்தான், ஆர்.எஸ்.புரத்தில் குடியிருக்கும் சென்னகிருஷ்ணன் கட்சியில் சீட் கேட்டிருந்தார். நாளைக் காலை தலைவரே இங்கே வந்து மாலை போட்டு, வேட்பாளர் பெயரையும் அறிவிப்பதாக ஏற்பாடு.

செத்த பிறகும் மாடுகளைப் பிரிய மனமில்லாமல், அவற்றைக் கட்டும் கட்டுத்தாரைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்ட மகான் என்று சென்னகிருஷ்ணன் மேடைக்கு மேடை பேசியிருந்தார். மகள் யுவஸ்ரீயின் கல்யாணப் பத்திரிகையைக்கூட முதலில் இங்கே வைத்துத்தான் கும்பிட்டார்.

இந்த நேரம் பார்த்து இரண்டாம் குடும்பம் என்று எவனாவது கிளம்பினால் சீட் அம்போதான்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

"ராசப்பனுங்க. தாராபுரத்துல இருந்து வாரேன். இந்தச் சாமி இல்லீன்னா எங்க குடும்பமே இல்லீங்க."

"சாமிக்கும் உங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சாமியோட வம்சம் பூராவும் எங்க ஊட்டுலதானுங்க இருக்குது. அதே நெத்தி, அதே நடை. பாத்தா அசந்துபோவீங்க."

பயந்தது நடந்தேவிட்டது. பெரியவர் அந்த விஷயத்தில் கொஞ்சம் அப்படி இப்படி என்று சொந்தக்காரர்களே முணுமுணுத்ததுண்டு. சென்னகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்க, வெளிய மூச்சு உடாதீங்க. நெலமா வேணுமா, சொல்லுங்க. பேசி முடிச்சுக்கலாம்."

"நெலம் எதுக்குங்க? வருசத்துக்கு ஒருக்கா வந்து மாலை போட உட்டாப் போதுமுங்க."

எதுவும் வேண்டாம் என்கிற ஆளைத்தான் நம்பவே கூடாது. இத்தனை வருட அரசியலில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"கோர்ட்டுக்குப் போற எண்ணமிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. டிஎன்ஏ டெஸ்டுக்கும் நான் ரெடிதானுங்க."

"டெஸ்டா? எதுக்குங்க?"

"பின்ன? எங்க கொள்ளுத் தாத்தா வம்சம்னு வாயில சொன்னா ஆச்சுங்களா?"

ராசப்பன் அப்போதுதான் சமாதிக்கு மேலே கட்டியிருந்த பேனரை நிமிர்ந்து பார்த்தார். தலைப்பாகையும் கோட்டுமாக ராவ் பகதூர் நின்றுகொண்டிருந்தார். கீழே 'நினைவிடம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்து முடித்ததும் ராசப்பன் முகம் போன போக்கே சரியில்லை.

"பெரியய்யாவ மெட்ராஸ்லயே எரிச்சுப்போட்டாங்களே" என்றார் தயக்கத்தோடு. "இங்க பொதைச்சது அவரோட பொலிகாளையத்தானுங்க."