செந்துறை ரோட்டு மயக்கம்

"அண்ணே, வண்டியில கோளாறு இல்லன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் இவகிட்ட நான் பேசிக்கிறேன்."

துறையூர் ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன்பே சொன்னான் அறிவழகன். பக்கத்து சீட்டில் அவன் மனைவி சிந்து உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் அமிர்தலிங்கம் காரை ஒருமுறை சுற்றி வந்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. இருபத்தெட்டு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். விதைக் கடை வைத்திருக்கும் அறிவழகன் சென்னைக்குப் போய் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. பெரம்பலூரில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது.

"என்ன தொந்தரவு தம்பி?"

"வண்டிக்கு இல்லண்ணே, இவளுக்குத்தான். ஞாயித்துக்கிழமையானா செந்துறையில எங்க அக்கா வூட்டுக்குப் போவோம். அரியலூர் தாண்டுனதும் பொசுக்குன்னு மயங்கி என் தோள்ல சாஞ்சுடுறா. மூணு வாரமா இதே கதை. டாக்டர் ரத்தம், பிரஷர் எல்லாம் பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டாரு. தன் வூட்டுக்கு வரப் பிடிக்காம நடிக்கிறான்னு அக்கா சொல்லுது. இவ என்னடான்னா வண்டியக் காட்டுங்கங்கறா."

"வண்டி நல்லா இருந்துச்சுன்னா?"

"அப்ப நடிப்புன்னு ஆயிடும்ல? நேரா எறையூர் போயி இவ அப்பா வூட்டுல விட்டுடுவேன்."

சிந்துவின் மடியில் துணிகள் திணித்த பை ஒன்று இருப்பதை அமிர்தலிங்கம் அப்போதுதான் கவனித்தார்.

"மயங்குனதும் என்ன பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டி ரெண்டு கதவையும் தொறந்து போட்டுட்டு, இவளத் தூக்கிட்டுப் போயி மரத்தடியில உக்கார வெச்சு தண்ணி தெளிப்பேன். கால் மணி நேரத்துல எந்திரிச்சுக்குவா. சாயங்காலம் திரும்பி வரப்ப ஒண்ணும் ஆகாது. சந்தேகமே அதுலதான்."

"கண்ணாடி ஏத்தியிருக்குமா?"

"போறப்ப ஏத்திடுவேன், சுண்ணாம்புக்கல்லு லாரிங்க புழுதி தாங்காது. வரப்ப எறக்கிடுவோம். இவ மட்டும் எப்பவும் தன் பக்கம் ரெண்டு விரக்கடை எறக்கியே வெச்சிருப்பா. சொன்னாக் கேக்க மாட்டா."

அமிர்தலிங்கத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கைச் சுருட்டிப் பின்பக்கப் புகைக் குழாயை அழுத்தி அடைத்தார். அடைத்தால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. புகை வேறு ஏதோ வழியில் 'புஸ்' என்று போய்க்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தி, சற்று ஆறவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்ததும் டிரைவர் கால் வைக்கும் இடத்திலிருந்த ரப்பர் விரிப்பை உரித்தார்.

தகரம் துருப்பிடித்து ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்திருந்தது. ஓட்டையைச் சுற்றிக் கரி.

"பாத்தீங்களா தம்பி? கீழ சைலன்சர் பைப் இணைப்புல பேக்கிங் போயிடுச்சு. புகை மொத்தமும் இது வழியா உள்ள ஏறுது. இதுல ஒரு விஷம் இருக்கு. வாசனையே இருக்காது. தூக்கம் வர மாதிரிதான் தெரியும். எந்திரிக்கவே மாட்டோம்."

அறிவழகனின் முகம் வெளிறிப்போனது. சிந்துவின் பக்கம் ஓடினான்.

"மன்னிச்சிடு சிந்து. அக்கா பேச்சக் கேட்டு உன்னப் போயி நடிக்கிறேன்னு..." அவள் மடியிலிருந்த பையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

ஆனால் அமிர்தலிங்கம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலியே தம்பி. ஓட்டை இருக்கறது உங்க காலடியில. அந்தம்மா பக்கம் காத்து வேற வந்துட்டிருக்கு. நியாயமாப் பாத்தா மொதல்ல விழ வேண்டியது நீங்க. உங்களுக்கு ஒண்ணுமே ஆகலியா?"

"எனக்கென்னண்ணே? லேசாத் தலை கனக்கும். வெயிலுன்னு விட்டுடுவேன்."

"அப்ப அந்தம்மா எப்படி மயங்குனாங்க?"

இருவரும் சிந்துவைப் பார்த்தார்கள். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு தடவகூட மயங்கல. நாத்தனாரு சொன்ன மாதிரி நடிக்கத்தான் செஞ்சேன். அரியலூர் தாண்டுனதும் இவருக்குக் கண்ணு சொருகும், எதுக்க லாரி வந்துட்டிருக்கும். 'தூங்குறீங்க, நிறுத்துங்க'ன்னா, 'யாரு, நானா?'ன்னு இன்னும் வேகமா மிதிப்பாரு. நான் மயங்கி விழுந்தாத்தாண்ணே இவரு வண்டிய நிறுத்துறாரு."