கேமரா பிஸி

"மருமகளே! உன் ஓசி சாஃப்ட்வேர் காலை வாரிடுச்சு!"

ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள் மருமகள்.

"என்ன ஆச்சு மாமா?"

"எங்க அண்ணன் வீடியோவுல கூப்பிட்டான். பச்சைப் பட்டனை அமுக்கினேன். ஒரே இருட்டு. மூடித் தொலைச்சுட்டு ஹெட்போனையும் கழட்டி வெச்சுட்டேன். பதினாலு வருஷம் பேசாதவன் இன்னிக்குத்தான் இறங்கி வந்தான். வேணும்னே கட் பண்ணிட்டேன்னுல்ல நினைப்பான்!"

அண்ணன், தம்பி இருவருமே பெயின்டர்கள். ஓர் ஏணிக்காக அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள்.

"நான் போட்டுக் குடுத்த லினக்ஸ் இலவசம்தான் மாமா. ஆனா கெட்டிக்காரன்."

"சும்மா குடுக்கறவன் எவனும் சும்மா குடுக்க மாட்டான்."

அவள் கம்ப்யூட்டரில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து தட்டினாள். "கேமராவை ஓட்டற டிரைவர் புரோகிராம் இருக்கு."

"டிரைவர் இருந்தும் வண்டி ஓடலையா? குடிச்சிருக்கானா பாரு!"

"இறக்கிட்டு மறுபடி ஏத்தலாம்னா, சீட்டை விட்டு இறங்க மாட்டேங்கறான். கேமரா பிஸின்னு வேற வருது."

"மூஞ்சியே காட்டாத கேமராவுக்கு என்னம்மா பிஸி?"

சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டையைக் கழற்றி நீலத்தை மாட்டினார். பிடிக்கவில்லை. அதையும் கழற்றிவிட்டு, பனியனோடு நின்று, இருந்த நாலு முடியைச் சீவினார்.

"பொண்ணா பாக்கப் போறீங்க?" என்று சிரித்தாள் மருமகள்.

"போம்மா. அவன் முன்னாடி நான் கிழவனாத் தெரியக் கூடாது."

கேமராவைப் பார்த்து விறைப்பாக நின்று, "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்று சொல்லிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அந்த ஏணியை உடைச்சது நான்தாம்மா. பழியைத் தூக்கி அவன் தலையில போட்டேன். நேர்ல சொல்ல இந்த வாய் வராது. செத்த கேமரா முன்னாடிதான் வருது."

அவள் மறுபடி தட்டினாள். "கேமராவை எது பிடிச்சு வெச்சிருக்குன்னு கேட்டுப் பாக்கறேன்."

ஒரே ஒரு வரி வந்தது. படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா... அந்த வீடியோ காலை நீங்க மூடலை. சுருக்கி ஓரமா வெச்சிருக்கீங்க."

ஓரத்தில் கிடந்ததை விரித்துவிட்டு ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். திரை நிறைய அண்ணன், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏணி கிடக்கட்டும்டா தம்பி! முதல்ல அந்த நீலச் சட்டையைப் போடு!"