மாதிரிச் சம்புடம்

விடுதிச் சமையலறையில் ஒரு சம்புடம் இருந்தது. நோய் பரவினால் ஆராய்ந்து பார்ப்பதற்காக, அன்றாட உணவில் சிறிது அதில் எடுத்துவைக்க வேண்டுமென்பது அரசின் அவசரகாலத் திட்டம். சமையற்காரர் மாசிலாமணியோ, அதிகாரி குறை சொல்லக் கூடாதென்று, அதற்கு மட்டும் புதுத் தயிரில் தனியே சோறு பிசைந்து வைப்பார். மாணவிகளுக்குப் பழைய தயிர்ப்பானை.

“எனக்கேன் இந்த மாப்பிள்ளை விருந்து, கரண்டியண்ணே?” என்று கேட்டது சம்புடம்.

“கிடைத்ததைத் தின்றுவிட்டுச் சும்மா இரேன், மகராசா!”

ஒருநாள் நாற்பது மாணவிகள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தனர். அதிகாரி சம்புடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள், ‘உணவில் குற்றமில்லை’ என்ற முடிவோடு அது திரும்பியது.

“அண்ணே, அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதை ஏன் ஒருவரும் சோதிக்கவில்லை?”

 மதியச் சோற்றுக்காகக் கரண்டி பழைய தயிர்ப்பானைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.